எந்தப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை?

இன்று போன் வைத்திருக்கும் எவரும் ஒரே தட்டில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். ஆனாலும் பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் அது நினைவுக்கு வருகிறது. படத்தில் நிறம் சரியாக வரவில்லை, சரி, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்போம் என்பது ஒன்று. படம் சோகமாகத் தெரிய வேண்டும் என்பது மற்றது. இலங்கையின் வடக்கே போரைக் கண்ட வன்னியில் இந்த இரண்டாவது காரணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் செல்வாக்கு உண்டு. இடிந்த சுவர், தலையில்லாத பனை, வயதான அம்மா ஒருவரின் முகம் என்றால் கை தானாகவே நிறத்தை எடுத்துவிடுகிறது.

புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கறுப்பு வெள்ளையை வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். கதை எவ்வளவு துயரமானது என்பதை வைத்துத் தெரிவு செய்ய வேண்டாம். அந்தத் தெரிவையும் முடிந்தவரை படம் எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

நிறம் போனால் என்ன மிஞ்சும்?

நிறப் படம் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களை வைத்திருக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பவை அவை. சாதாரணமாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கும்போது மூன்றும் சேர்ந்து ஒரே எண் ஆகின்றன. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை, நடுவில் வருவதெல்லாம் சாம்பல். மூன்றையும் சமமாகச் சேர்ப்பதில்லை. மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மிகக் குறைவாகத் தெரியும். ஆகவே பல மென்பொருட்கள் இன்றும் பாவிக்கும் பழைய தொலைக்காட்சிக் கணக்கில் சிவப்பிலிருந்து 29.9 வீதம், பச்சையிலிருந்து 58.7 வீதம், நீலத்திலிருந்து 11.4 வீதம் எடுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கை ஒரு வயலில் வைத்துப் பார்ப்போம். மார்கழி மாதம், காலபோக நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. வரம்பில் சிவப்புச் சேலை உடுத்த ஒரு பெண் நடந்து போகிறார். நிறப் படத்தில் கண் நேரே அந்தச் சேலைக்குத்தான் போகும். சேலையின் நிறம் முழுச் சிவப்பு, அதாவது 255, 0, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலில் அது 76 ஆகிறது. வயலின் பச்சை 0, 128, 0 என்றால் அது 75 ஆகிறது. 76க்கும் 75க்கும் இடையில் எவருடைய கண்ணும் வித்தியாசம் காணாது. சேலையும் வயலும் ஒன்றாகக் கலந்து, அந்தப் பெண் படத்திலிருந்தே காணாமல் போய்விடுவார். அங்கே படத்தைத் தாங்கி நின்றது நிறம் மட்டுமே.

முழு மஞ்சளை அதே கணக்கில் போட்டால் 226 வரும், ஏறக்குறைய வெள்ளை. முழு நீலம் 29, ஏறக்குறைய கறுப்பு. முல்லைத்தீவுக் கரையில் கருநீலப் படகுக்கு முன்னால் மஞ்சள் சட்டையோடு ஒருவர் நின்றால், நிறம் இல்லாமலும் அவர் எடுப்பாகவே தெரிவார்.

ஒவ்வொரு முறையும் எண் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமான பகுதி எது, இருண்ட பகுதி எது என்று மட்டும் தெரியும். ஓவியர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை இது. அப்படிப் பார்க்கும்போதும் படத்தின் முக்கியமான ஆள் தனித்துத் தெரிந்தால் கறுப்பு வெள்ளைக்கு இடம் இருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடந்தால் நிறத்திலேயே எடுங்கள்.

வானமும் இலையும் முகமும்

அந்தக் கணக்கை நாமே மாற்றவும் முடியும். கறுப்பு வெள்ளையில் உண்மையான கைவேலை தொடங்கும் இடம் இது. மேலே சொன்ன வயலில் சிவப்பின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் சேலை 255, வெள்ளை. வயல் 0, கறுப்பு. காணாமல் போன பெண் திரும்ப வந்துவிடுவார். பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் நிறக் கண்ணாடி மாட்டி இதைச் செய்தார்கள். மஞ்சள் கண்ணாடி நீல வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும், செம்மஞ்சள் இன்னும் கொஞ்சம். சிவப்போ நீல வானத்தைக் கறுப்பின் பக்கம் கொண்டுபோய் முகிலைத் தனியே தூக்கிக் காட்டும். பச்சைக் கண்ணாடி இலைகளை வெளிச்சமாக்கும். இன்று ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு வெள்ளைக் கருவியிலேயே இந்த நிறங்கள் இருக்கின்றன. லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம்.

இரணைமடுக் குளக்கட்டில் நின்று பாருங்கள். மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் மெல்லிய கோடாகக் காடு. நிறத்தில் எடுத்தால் அழகான வாழ்த்து அட்டை மாதிரி இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இராது. சிவப்புக் கண்ணாடிக் கணக்கில் கறுப்பு வெள்ளையாக்கினால் முகில்தான் படத்தின் நாயகன். அதன் அடிப்பக்கத்து இருளும் தண்ணீரில் விழும் அதன் சாயலும் அதன் பிறகுதான் கண்ணில் படும். ஆனால் அளவோடு செய்யுங்கள். போன் படங்களில் நீலத்தை மிக இறக்கினால் வானம் புள்ளி புள்ளியாகும், மரங்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு கிளம்பும்.

முகத்தில் அதே சிவப்பு வேறு விதமாக வேலை செய்யும். எந்த மனிதரின் தோலானாலும் அதில் சிவப்பும் செம்மஞ்சளும்தான் கூடுதல். அந்த இரண்டையும் கூட்டினால் முகம் வெளுக்கும், தழும்பும் பருவும் மறையும். நீலக் கண்ணாடிக் கணக்கில் மாற்றினால் தோல் இருண்டு ஒவ்வொரு சுருக்கமும் வெளியே வரும். முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் ஸ்டூடியோக்களில் நெடுநாளாக உண்டு. கறுப்பு வெள்ளைக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கறுத்த தோலில் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது நெற்றியும் மூக்குத்தண்டும் கன்ன எலும்பும் மின்னி எழும். முகத்தின் வடிவம் அங்கேதான் இருக்கிறது. வெளுப்பாக்கிய முகத்தில் அந்த மின்னல் விழுவதற்கு இடமே இராது. கொழும்பில் 1900இல் பிறந்து 1944இல் இறந்த லயனல் வென்ட் இந்த நாட்டு மனிதர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். தோலின் கருமையை மறைக்க அவர் ஒரு முயற்சியும் செய்யவில்லை. அந்தக் கருமையில்தான் அவருடைய வெளிச்சம் நிற்கிறது.

கறுப்பு வெள்ளை கைகொடுக்கும் நேரங்கள்

முதலில் நம் வெய்யில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வன்னியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் நிறங்கள் வெளுத்துப் போகின்றன. புல் உயிரற்றுத் தெரியும், வானம் வெறும் வெள்ளையாகும், முகத்தில் கண்குழி இருளும். இந்த நேரத்தில் படம் எடுக்காதீர்கள் என்றுதான் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நிறப் படத்துக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் கிடுகுக் கொட்டிலுக்குள் கூரை இடுக்கால் விழும் வெய்யில், பஸ் தரிப்பிடத்தின் நிழலில் ஒதுங்கி நிற்கும் சனம், வாசலில் பாதி உடம்பு வெளிச்சத்திலும் பாதி இருளிலுமாக நிற்கும் பிள்ளை, இவையெல்லாம் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான கோடே அங்கே படம். நிறம் அதற்கு எதையும் கூட்டித் தராது.

விடியவும் பின்னேரமும் வெய்யில் சாய்ந்து வரும்போது பொருட்களின் சொரசொரப்பு எழுந்து நிற்கும். பனையின் அடிமரம், குளத்துப் பழைய துருசின் (மதகின்) கல், காயப்போட்ட கரைவலை, உழுது விட்ட சேறு, மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை, எதுவானாலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சிறு நிழல் விழும். அந்தச் சிறு நிழல்களை நிறம் சில வேளைகளில் மூடிவிடுகிறது, கறுப்பு வெள்ளை மூடாது.

ஆனையிறவு இதற்கென்றே படைத்த இடம் என்று எனக்குத் தோன்றும். ஏ9 வீதியின் இருபுறமும் கடலேரி, உப்பளம், திறந்த வானம். அங்கே நிறமே மிகக் குறைவு. அதனால் கிடைக்கோடுகளும் வெளியும் தாமாகவே முன்னுக்கு வருகின்றன. இங்கே தொழில்நுட்பம் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கமரா எதைக் கண்டாலும் அதை நடுச் சாம்பலாக்கவே முயலும். உப்புக் குவியலை அதன் போக்கில் எடுக்க விட்டால் அழுக்குச் சாம்பலாக வரும். வெளிச்ச அளவை +1 ஆகக் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக நிற்கும். சேற்றில் கிடக்கும் எருமைக்கு இது நேர்மாறு. கமரா அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், அங்கே −1 ஆகக் குறைக்க வேண்டும். போனிலும் இது முடியும். திரையில் தொட்டால் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் போதும்.

மாரி காலத்தில் வானம் முழுக்க ஒரே முகிலாக மூடிக் கிடக்கும். முகம் எடுக்க அந்த வெளிச்சம் மிக நல்லது. மார்கழி விடியலில் மூடுபனி விழும் நாட்கள் இன்னும் விசேஷம். கிட்ட நிற்கும் பனை கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் நிற்பது வெறும் சாயல். ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வைத்தே தூரத்தைக் காட்டிவிடலாம்.

இரவுத் திருவிழாவில் காரணம் வேறு. ஒரு பக்கம் ரியூப் லைட், மறுபக்கம் மஞ்சள் பல்ப், மேலே ஊதா எல்இடி. ஒரே முகத்தில் மூன்று நிறம் விழுந்து கிடக்கும், எவ்வளவு திருத்தினாலும் சரிவராது. அந்த நிறங்கள் நம் காட்சிக்குச் சொந்தமில்லை, மின்விளக்குக்காரருடையவை. அவற்றை எடுத்துவிடுவதில் தவறே இல்லை. இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டும்போது வரும் சிவப்பு, பச்சைப் புள்ளிகளும் அதோடு போய், பிலிம் காலத்துக் குறுணியைப் போன்ற ஒன்று மட்டும் மிஞ்சும்.

காட்டோரம் நிற்கும் மந்திக்கு கறுத்த முகம், சாம்பல் மயிர். அதற்கு நிறம் வேண்டியதில்லை. அதே வேலியில் வந்து நிற்கும் மயிலைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள்.

நிறத்தை நீக்கக் கூடாத இடங்கள்

நான் பயன்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. எடுக்கப் போகும் படத்தைப் பக்கத்தில் நிற்பவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது நிறத்தின் பெயர் வந்தால் நிறத்தில் எடுங்கள். “நாலு பேர் முதுகை வளைத்துத் தோணியைத் தள்ளுகிறார்கள்” என்பதில் நிறமே இல்லை. “வயலில் பாதி பொன்னாகிவிட்டது, வாய்க்கால் ஓரம் இன்னும் பச்சை” என்பதில் நிறம்தான் செய்தி. மாசியில் அருவி வெட்டும் (அறுவடை செய்யும்) வயலைக் கறுப்பு வெள்ளையாக்கினால், கதிர் முற்றிவிட்டதா இல்லையா என்ற விவசாயியின் கேள்விக்கே படத்தில் பதில் இராது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலில் வரும் காவடிகள், கார்த்திகைப் பூவின் இதழில் மஞ்சள் சிவப்பாக மாறும் இடம், சரக்கொன்றை பூத்த காட்டோரம் எல்லாம் அப்படித்தான்.

இனி, வன்னியில் படம் எடுப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டிய விடயம். கறுப்பு வெள்ளை காலத்தைப் பின்னுக்குத் தள்ளும். நேற்று எடுத்த படமும் பார்ப்பவருக்கு என்றோ எடுத்ததாகத் தோன்றும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதைத் தாண்டி வந்து இன்று வீடு கட்டி, வயல் விதைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒருவரை எடுக்கிறோம். புதுக் கூரை ஓட்டின் சிவப்பு, கொடியில் காயும் சட்டைகளின் நிறங்கள், முற்றத்துச் செவ்வந்தி ஆகியவைதான் அவர் இன்று வாழ்கிறார் என்பதைச் சொல்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் அவரை 2009இலேயே நிறுத்திவிடுகிறோம். அவருடைய துயரம் உண்மைதான். ஆனால் அவருடைய இன்றைய நாளும் அதே அளவு உண்மை.

துயரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரேசில்காரரான செபஸ்தியாவோ சல்காடோ 1986இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களில், சேறு பூசிய ஆயிரக்கணக்கான உடல்கள் ஏணிகளில் ஏறுகின்றன. அங்கே கறுப்பு வெள்ளை சரியான தெரிவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காட்சியைக் கட்டி வைத்திருப்பது கோடுகளும் எண்ணிக்கையும். ஆனால் துயரத்தை அளவுக்கு மீறி அழகாக்குகிறார் என்ற விமர்சனம் அவர் மீதே வந்தது. அவ்வளவு பெரிய கலைஞரிடமே கேட்கப்பட்ட கேள்வியை நாமும் நம்மிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி இருந்தார்கள். அப்படி ஒரு படத்தைப் பிரதி எடுத்துப் போடும்போதோ, அந்தத் தாயையே படம் எடுக்கும்போதோ, கையிலிருக்கும் நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். மரண அறிவித்தல்களில் கறுப்பு வெள்ளை முகங்களை நெடுங்காலம் பார்த்துப் பழகிய சமூகம் நாம். பிள்ளை இறந்துவிட்டான் என்று தாய் சொல்லவில்லை. எங்கே என்றுதான் கேட்கிறார். நிறத்தை நீக்குவதன் மூலம், அவர் சொல்லாத ஒன்றை நாம் சொல்லிவிடுவோம்.

கமராவில் செய்ய வேண்டியவை

போனிலும் கமராவிலும் உள்ள சென்சரின் மேல் மிகச் சிறிய நிறக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருக்கும். பொதுவாகப் பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறை அது. ஆகவே கருவி முதலில் நிறத்தைத்தான் பதிகிறது, கறுப்பு வெள்ளை பிறகு செய்யப்படுவது. நிறக் கண்ணாடி இல்லாமல் கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கமராவை லைக்கா 2012இல் வெளியிட்டது. விலை நம் கைக்கு எட்டாது, கற்றுக்கொள்ள அது தேவையும் இல்லை.

போனில் மோனோ பில்டரைப் போட்டுவிட்டே எடுத்துப் பழகுங்கள். திரையில் நிறம் இல்லாமல் தெரிவதால் கண் வெளிச்சத்தைத் தேடத் தொடங்கும். ஐபோனில் இப்படி எடுத்த படத்தைப் பின்பு நிறத்துக்கு மாற்றலாம். வேறு சில போன்களில் போன நிறம் போனதுதான், அதனால் முதலில் ஒரு படம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் கமராக்களில் ரோ (RAW) கோப்பாக, அதாவது சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாகப் பதியும்படி வைத்து, மோனோக்ரோம் முறையையும் தெரிவு செய்யுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், கார்டில் முழு நிறமும் பத்திரமாக இருக்கும்.

திருத்தும்போது தொடக்கத்தில் எல்லோருக்கும் கொன்ட்ராஸ்டைக் கூட்டும் ஆசை வரும். கூட்டக் கூட்ட நிழலுக்குள் இருந்த விவரம் செத்துப்போகும். படத்தில் எங்காவது ஓரிடத்தில் முழுக் கறுப்பும் எங்காவது ஓரிடத்தில் முழு வெள்ளையும் இருந்தால் போதும். மற்ற இடமெல்லாம் சாம்பல் தன் படிகளோடு இருக்கட்டும்.

பழைய படங்களைப் பிரதி எடுக்கும்போது

இடம்பெயர்வில் அல்பங்களைப் போட்டுவிட்டு ஓடிய வீடுகள் வன்னியில் ஏராளம். தப்பி வந்த படங்களில் கறுப்பு வெள்ளை இருந்தால் கவனித்துப் பாருங்கள், 1980களின் நிறப் படங்களை விட அவை நல்ல நிலையில் இருக்கக் கூடும். நிறப் படத்தில் இருப்பது சாயம். அது நாளடைவில் சிவந்து வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் படத்தைத் தாங்குவது வெள்ளி. ஒழுங்காகக் கழுவி உலர்த்திய படம் நூறு வருடம் தாண்டியும் நிற்கும்.

பிரதி எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். ஜன்னலோரத்தில் நேர் வெய்யில் படாத இடத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, போனை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். மூலப்படம் கறுப்பு வெள்ளையே ஆனாலும் பிரதியை நிறத்தில் எடுங்கள். தாளின் பழுப்பும் தண்ணீர்க் கறையும் வேறு வேறு நிறமாகப் பதிவாகும். கறை எது, முகத்தின் நிழல் எது என்று பிறகு பிரித்துத் திருத்த அது உதவும். படத்தின் ஓரங்களில் வெள்ளி நீலமாக மினுங்கினால் போனைச் சாய்க்காமல் படத்தை ஜன்னலிலிருந்து கொஞ்சம் திருப்பி வையுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ யாருடைய கையெழுத்தோ இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து, இரண்டையும் ஒரே பெயரில் சேமியுங்கள்.